கம்பனி கட்டிய களம்

கோப்பி செத்துக்கொண்டிருந்த காலத்தில் கண்டியில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், பிணம் குளிப்பாட்டுகிற வேலை மாதிரி ஒன்று. இலையில் மஞ்சள் தூள் படிந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போக, அவற்றை நம்பியிருந்த கம்பனிகள் ஒவ்வொன்றாகக் கடனில் முறிந்து வங்குரோத்தாகின. அப்படிப் போன கம்பனியின் மிச்சசொச்சத்தைத் திரட்டிக் கடன்காரருக்குப் பங்கிட நீதிமன்றம் ஒரு துரையை நியமிக்கும். அந்தத் துரையின் கந்தோரில் நான் கிளாக்கர். கம்பனி உயிரோடு இருந்த நாளில் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் கொடுத்த வாடகையையும் வரியையும் கிளறி, எங்கே கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்து, வாங்கினவனிடமிருந்து திரும்பப் பிடுங்க வேண்டும். அப்படிக் கேட்டுப் போகிறவனுக்கு உட்கார யார் கதிரை எடுத்துப் போடுவார்கள்? எனக்கு எவரும் போட்டதில்லை. நானும் எவரிடமும் பல்லைக் காட்டியதில்லை.

புசல்லாவைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு கம்பனி முறிந்தபோது, அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி எங்கள் கந்தோர் விறாந்தைக்கு வரத் தொடங்கினாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அவளுக்கு வாய் இருந்ததால் லயக் குடியிருப்புச் சனம் அவளையே பேச அனுப்பியிருந்தது. கடைசிப் பருவத்துச் சம்பளம் அங்கே ஒருவருக்கும் வரவில்லை. சம்பளம் வந்தால்தான் கங்காணியிடம் பட்ட கடன் தீரும். கடன் தீர்ந்தது என்று எழுதிய துண்டு கையில் இருந்தால்தான் வேறு தோட்டத்தில் பேர் பதிவார்கள். மடுல்கெல்லையில் தேயிலை நட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களோ துண்டும் இல்லாமல் அரிசியும் இல்லாமல் செத்த கோப்பிச் செடிகளுக்கு நடுவே கிடந்தார்கள்.

"கிளாக்கரையா, சம்பளம் எப்பங்க குடுப்பீங்க?" என்பாள், நான் படியேறும்போதே.

"காசு சேர்ந்தால் தருவம்."

"அங்க புள்ளைக பலாக்கொட்டைய அவிச்சுத் தின்னுக்கிட்டுக் கெடக்குதுங்க. நீங்க காசு சேக்குற வரைக்கும் வயிறு சும்மா இருக்குமா?"

"நானே உன்ர சம்பளத்தைத் திண்டனான்?" என்று ஒருநாள் பாய்ந்தேன்.

"யாரு தின்னான்னு கேக்கத்தானேங்க வந்தேன்" என்றாள். எழும்பிப் போகவும் இல்லை. கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. அவள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

அந்தக் கம்பனிக்குக் கம்பளை ரயில் நிலையத்தருகே வாடகைக்கு எடுத்த கோப்பி ஸ்டோர் ஒன்று இருந்தது. பக்கத்தில் கோப்பி காயப்போடும் பெரிய களம், சுண்ணாம்புச் சாந்து பூசி வழுவழுவென்று. முதலில் சாதாரண வாடகைதான். பிறகு ஒரு வருஷத்திலிருந்து, களம் உள்ள இடம் என்று சொல்லி, வாடகை இரண்டு மடங்காகியிருந்தது. களம் கம்பனியே போட்டதென்றால் அந்தக் கூடுதல் வாடகை திரும்பி வரவேண்டிய காசு. ஆனால் களத்தை யார் போட்டது என்று உடன்படிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அது தெரிந்திருக்கக்கூடிய தோட்டத்துப் பெரிய துரையோ சீமைக்குக் கப்பலேறிவிட்டார்.

ஸ்டோரின் சொந்தக்காரர் என் ஊர்க்காரர், யாழ்ப்பாணத்தார். கோயில் திருவிழா என்றால் நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு முன்னுக்கு நிற்பவர். நான் கேட்டதும், களம் தன் செலவில் போட்டதென்று நீதிமன்றத்துக்குச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டோர்க் கூரை ஒழுகினால் ஓடு மாற்ற மனமில்லாமல் கீழே வாளி வைக்கிற மனுஷன், இவ்வளவு பெரிய களம் போட்டாராம்! யாருக்குக் காது குத்துகிறார்?

கந்தோருக்கு வந்து, களத்தைப் போட்டது யார் என்று விறாந்தையில் இருந்த அவளிடம் கேட்டேன்.

"நாங்கதாங்க. எங்க ஆளுக வந்து தங்கிப் போட்டோம்" என்றாள் உடனே.

துரையிடம் ஓடினேன். அவர் மறுத்துத் தலையசைத்தார். சம்பளம் வரவேண்டியவர்கள் காசு கூடுவதற்காக எதையும் சொல்லுவார்கள், இவர்கள் வார்த்தையை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றார். சொத்துக்காரன் சொன்னால் சத்தியம், லயத்துப் பெண் சொன்னால் பேராசை! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கம்பளைக்கு ரயிலேறினேன்.

ஸ்டோர் முற்றத்தில் அன்று எனக்கும் அந்த ஊர்க்காரருக்கும் நடந்த சண்டை ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். வண்டி குத்தகைக்காரர் ஒருவர், முஸ்லிம் மனுஷர், வண்டி நிறுத்த இடம் கேட்டு வந்து கிடைக்காமல் போனவர், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் எங்கட ஊர்ப் பிள்ளையெல்லோ?" என்று முதலில் குழைந்தார் ஊர்க்காரர். "செத்துப்போன கம்பனிக்காக ஊரவன்ர வயித்தில அடிக்கிறதோ?"

"ஊரவன் எண்டாப்போல களவு களவில்லையோ?"

"ஆரைக் கள்ளன் எண்டுறீர்?" கையை ஓங்கிக்கொண்டு வந்தவர், களத்தின் குறுக்கே நேராக வராமல், ஒரு மூலையைச் சுற்றி விலகி வந்தார். அப்போதுதான் அந்த மூலையைப் பார்த்தேன். களத்துச் சாந்துக்குள்ளேயே பதித்து நட்ட ஒரு முண்டுக்கல். எண்ணெய்க் கறுப்பும் பழைய குங்குமமும். தோட்டத்துச் சனம் எந்த வேலை தொடங்கினாலும் முதலில் நட்டுக் கும்பிடுகிற முனியாண்டி.

எனக்கு அந்த நேரத்தில் சாட்சியும் தோன்றவில்லை, சட்டமும் தோன்றவில்லை. அவருடைய நீற்றுப்பூச்சைப் பார்த்து நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்க வேண்டும் என்ற ஆத்திரம் மட்டும்தான்.

"என்ன ஐயா, இப்ப நீங்கள் முனியாண்டிக்குக் கோழி அறுக்கவும் வெளிக்கிட்டாச்சோ?"

மனுஷன் நெருப்பை மிதித்தவர் போலத் துள்ளினார். "ஆர், நானோ? சீ! அந்தக் கோழி அறுக்கிற காட்டுச் சாமியை என்ர வளவுக்கை நான் வைப்பனோ? உங்கட தோட்டத்துக் கூலியள்தான் களம் போட வந்த நேரம் கொண்டந்து நட்டதுகள்! வேண்டாமெண்டு தொண்டை கிழியக் கத்தினனான், கேட்டுதுகளே?"

"ஆர் போட வந்த களம்?" என்று கேட்டேன்.

வாசலில் நின்ற குத்தகைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நான் ரெண்டு காதாலயும் கேட்டேன் மாத்தயா. அல்லாஹ் மேல சத்தியமா, அவரு வாயாலதான் சொன்னாரு. எங்க வேணுமுண்டாலும் வந்து சொல்றேன்" என்றார். வண்டி நிறுத்த இடம் கொடுக்காததற்கு அவருக்கும் மனதில் ஒரு கறள் இருந்தது என்று நினைக்கிறேன். யாருக்கு என்ன? எனக்கு வாயெல்லாம் பல்.

பொய்ச்சத்தியம் மறியல்வீட்டில் கம்பி எண்ண வைக்கும் என்று அவருடைய வக்கீலே பயங்காட்டினார். கூடுதலாக வாங்கிய வாடகை முழுவதையும் மனுஷன் திருப்பிக் கட்டிவிட்டார். என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் கட்டினார். துப்பட்டும்.

ஆனால் அந்தக் காசு விறாந்தைக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்காது. வக்கீலுக்கு ஒரு பங்கு. எங்கள் துரைக்கு ஒரு பங்கு. தோட்டத்தை ஈடாகப் பிடித்திருந்த வங்கிக்குப் பெரிய பங்கு. எல்லோரும் கை நனைத்த பிறகு, சனத்துக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தில் பாதிதான் தேறியது. அதைக் கங்காணி அங்கேயே நின்று கடனுக்கு வாங்கிக்கொண்டான். சின்னக் கடன்காரருக்குத் துண்டு கிடைத்தது. புருஷனின் வைத்தியத்துக்கும் சாவுச் செலவுக்கும் கடன்பட்டிருந்த அவளுக்கும், அவளைப் போன்ற சிலருக்கும் கிடைக்கவில்லை.

அவள் அழவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கிளாக்கரையா, கம்பனி போட்ட களம்னு சொல்லித்தானேங்க அந்தக் காசை வாங்குனீங்க?"

"ஓம்."

"கம்பனி எங்கங்க போட்டுச்சு? கல்லு சொமந்தது நாங்க. சுண்ணாம்பு இடிச்சது நாங்க. என் வீட்டுக்காரரு அந்த வெயில்ல நின்னு தேச்சாரு. களம் முடிஞ்சதும் சேத்துத் தாரேன்னு பெரிய தொர சொன்னாரு. இன்னைய வரைக்கும் அந்த வேலைக்கு ஒரு சல்லி வரலீங்களே. அத குடுங்க, என் துண்டை நான் வாங்கிக்கிறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழும்பித் துரையின் அறைக்குள் போனேன். அவர் பேனாவை வைக்காமலே கேட்டார். எப்போதோ செய்த வேலை, சம்பளம் வரவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்றார்.

"அந்தக் கல்தான் சாட்சி. அதை வைத்துத்தானே நாங்கள் காசு வாங்கினோம்?" என்றேன்.

கல், அவர்கள் வேலை செய்ததைத்தான் சொல்லும், கூலி வாங்கவில்லை என்று அது சொல்லாது என்றார். சிரித்தும் வைத்தார்.

கம்பனி கூலி கொடுத்தது என்று எது சொல்லுகிறது என்று நான் கேட்டேன். களத்துக்காகக் கம்பனி ஒரு சல்லியாவது செலவழித்ததா என்று நாங்கள் கேட்டோமா? கம்பனி என்றதும் நம்பினோம், அவள் என்றதும் சாட்சி கேட்கிறோமா? இதைவிடக் கேவலமாகவும் சில சொன்னேன். அவற்றை எழுத முடியாது. அந்த மாதம் என் சம்பளத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கணக்கு மூடப்பட்டது.

ஸ்டோர்ச் சாவியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கக் கடைசி முறையாகக் கம்பளைக்குப் போனேன். களத்தில் அவள் நின்றாள். கூட வந்த இரண்டு ஆண்கள் அலவாங்கு போட்டு நெம்பி மூலைக்கல்லைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர் தூரத்தில் நின்று கத்தினாரே தவிர, கிட்டப் போகப் பயந்தார்.

"ஏன் எடுக்கிறாய்? இருக்கட்டும். அந்தாள் நெடுகப் பயந்துகொண்டு கிடக்கட்டும்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கம்பனி களத்துல எங்க சாமிக்கு என்னங்க வேலை?" என்றாள்.

கல்லைத் துணியில் சுற்றித் தலையில் ஏற்றிக்கொண்டாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஊர்க்காரர் ஓடிவந்து குழியைப் பார்த்தார். "தம்பி, இந்தக் கிடங்கை அடைக்கிற செலவை ஆர் தாறது? கம்பனியோ?" என்று என்னைக் கேட்டார். சாவியை அந்தக் குழிக்குள்ளேயே எறிந்துவிட்டு வெளியே வந்தேன்.

துண்டு கிடைத்தவர்கள் அதற்குள் மடுல்கெல்லைக்குப் போயிருந்தார்கள். அவள் புசல்லாவை ரோட்டில், செத்த தோட்டத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.