செல்வராஜ் அண்ணன் ருசித்த வெயில்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கிடங்கு டிரைவர் பிலால் போன் செய்தார். "செல்வா பாய் கலாஸ், மேடம்" என்றார். முடிந்துவிட்டார் என்பதை அந்த அரபுச் சொல்லில்தான் அவரால் சொல்ல முடிந்தது.

துபாயில் எங்கள் ஹோட்டலின் ஒயின் கிடங்கைப் பதினாறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் செல்வராஜ் அண்ணன். ஊர் கம்பம். திராட்சைத் தோட்டங்களில் மருந்தடித்து வளர்ந்தவர். பக்கத்து எமிரேட்டில், முவைலாவில் ஆறு பேர் தங்கும் ரூமிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நான் கொள்முதல் பிரிவில் சேர்ந்த புதிதில், ஒரே தோட்டத்து ஒயினுக்கு வருடத்துக்கு ஒரு விலை ஏன் என்று புரியாமல் விழித்தேன். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன்.

"லேபிள் ஒண்ணுதான் மேடம். வானம் ஒண்ணில்லையே" என்றார்.

துளிர் விட்டபின் உறைபனி விழுந்தால் அந்த வருடம் காய்ப்பு பாதிதான். பறிக்கிற வாரத்தில் மழை பெய்தால் சாறு நீர்த்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். பகலில் வெயிலும் இரவில் குளிரும் இருந்தால்தான் இனிப்பும் புளிப்பும் அளவாக நிற்கும். வெறும் வெயிலில் இனிப்பு ஏறிக்கொண்டே போகும், புளிப்பு செத்துவிடும். இதையெல்லாம் ஒரு வாய் ருசித்தே சொல்லிவிடுவார். ருசித்ததை எவர்சில்வர் டம்ளரில் துப்பிவிடுவார், ஒரு சொட்டு விழுங்கியதில்லை. கார்த்திகையில் மாலை போட்டுவிட்டால் அதுவும் கிடையாது. மாதிரி பாட்டில்கள் தை பிறக்கும்வரை காத்திருக்கும்.

ஒரு வருடம் நான் காத்திருக்கவில்லை. பெயர்பெற்ற தோட்டம், தள்ளுபடி வேறு, வாங்கிவிட்டேன். மாலையைக் கழற்றிவிட்டு வந்தவர் ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் வைத்துத் துப்பினார். "பழம் பழுக்கல மேடம். வெந்திருக்கு." விருந்தினர்கள் அந்த ஒயினைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். இனி இவர் பேச்சைத் தட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். அப்படித்தான் நடந்துகொள்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி சில வருடங்களாக ஒயின் அவரைப் பயமுறுத்தியது. ஒரு பாட்டிலில் காட்டுத்தீயின் புகை இருக்கிறது என்று உடனே மூடி வைத்தார். தோட்டக்காரர்களின் கடிதங்களில் அறுவடை வருடாவருடம் முன்னால் வந்துகொண்டிருந்தது. நான் படிக்கக் கேட்டுவிட்டு எழுந்து போவார். போன மே மாதம் சொன்னார்: "ரொம்ப வெயில் அடிச்சா கொடி வேலைய நிறுத்திரும் மேடம். மூச்ச அடக்கிக்கிட்டு சும்மா நிக்கும். நமக்குத்தான் அது முடியாது." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்த கண்டெய்னரில் ஏசி வழியிலேயே நின்றுபோயிருந்தது. பனியும் மழையும் வெயிலும் அளவாக அமைந்த வருடம் என்று அவரே தேர்ந்தெடுத்த ஒயின். வெளியில் நாற்பத்தெட்டு டிகிரி. ஆட்கள் இரண்டே பேர், அதனால் அவரும் சேர்ந்து இறக்கினார். கோடையில் மூன்று மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம்; அந்த மதிய ஓய்வு தொடங்க அரை மணி இருக்கும்போது எனக்குப் போன் செய்தார்.

"தலை சுத்துது மேடம். பாதி இறக்கியாச்சு. மீதிய மூணு மணிக்கு மேல பாக்கவா?"

தனக்கென்று அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒயின் வெந்துவிடுமே என்றுதான் இருந்தது.

"அரை மணிதானே அண்ணே. முடிச்சிட்டு உள்ள போயிருங்க."

"சரிங்க மேடம்" என்றார்.

நேற்று அவர் உடல் மதுரை விமானத்தில் ஏறியது. இன்று காலை கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பெட்டிகூட வெளியில் நிற்கவில்லை. எல்லாம் பதின்மூன்று டிகிரியில், அவர் அடுக்கிய வரிசையிலேயே குளிர்ந்து கிடக்கின்றன.

மதியம் அவர் மனைவி கம்பத்திலிருந்து பேசினார். அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். 'சரிங்க மேடம்' என்றார் என்று சொன்னேன். எதற்குச் சரி என்றார் என்று அந்த அம்மா கேட்கவில்லை. நானாகச் சொல்லும் தைரியமும் எனக்கு வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன், அந்த அம்மா படிக்கட்டும்.

போய் வாருங்கள் அண்ணே.