ஐந்தாவது தாள்

கதை கட்டிச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. தாள் இருக்கிறது. தாளில் தேதியும் மணியும் இருக்கின்றன. நம்பாதவர்கள் அந்த ஈசிஜி அறைக்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். பதினாலு வருடமாக அங்கே ஈசிஜி எடுக்கிறவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க "அக்கா" என்றுதான் பேர். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "வேலைவெட்டி இல்லாதவன் கண்ணுக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்று வாயை அடைப்பாள். இப்போது அடைப்பதில்லை.

வியாழக்கிழமை. நல்ல பகல். லாரியில் மூட்டை ஏற்றுகிற ஒருவன், முப்பத்தொரு வயது, மூன்று வாரத்துக்கு முன் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அறுத்துப் பார்த்தார்கள். விஷம் இல்லை, அடைப்பு இல்லை, காயம் இல்லை. இதயத்தில் ஓடுகிற மின்சாரத்தில் கோளாறு என்றால் செத்த உடம்பில் தடயம் இருக்காது. உயிரோடு இருக்கும்போது எடுத்த ஈசிஜியில்தான் தெரியும். அவன் ஒன்றுகூட எடுத்ததில்லை. பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்று ரத்த சொந்தங்களை வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பா, அம்மா, தங்கை, தம்பி.

தம்பியும் அதே லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். நாலாவதாகப் படுத்தான்.

"எனக்கும் அது இருந்தா என்னக்கா ஆகும்?"

"வாய மூடிப் படு. பேசினா கோடு ஆடும்."

"நாளைக்கு லோடு இருக்கு, அதான்..."

நாலு தாளும் சுத்தம். மணி 11.36. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அவன் மறுநாள் மூட்டை தூக்கப் போகலாம். வெளியே உட்காரச் சொன்னாள்.

திரும்பினால்... கட்டிலில் ஒருவன் சட்டையில்லாமல் படுத்திருந்தான்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை.

"நீங்களும் அந்த வீடா?"

"ம்."

யாரோ தாமதமாக வந்த சொந்தம் என்று நினைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரே தையல். சாக்கு தைத்த மாதிரி தடித்த நூல்.

"ஆபரேஷன் எப்போ?"

"மூணு வாரம்."

மூன்று வாரத் தையல்... ஆறவே இல்லை. ரத்தமும் இல்லை.

ஜெல் தடவினாள். விரல் சில்லிட்டது. ஜெல் அல்ல, தோல்.

மெஷின் ஒயரில் தொங்குகிற ஆறு ரப்பர் குமிழையும் நெஞ்சில் கவ்வ வைத்தாள். அவன் கை எழுந்தது. முதல் இரண்டைப் பிடுங்கி, இரண்டு விலா மேலே தள்ளி வைத்தது. பக்... பக்...

"அது இடம் இல்ல."

"இங்கதான்."

மெஷின் பொத்தானை அழுத்தினாள். க்ர்ர்ர்... தாள் வந்தது. 11.42.

கிழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

கட்டில் காலி.

குமிழ்கள் ஆறும்... விரிப்பின் மேல். வரிசையாக.

அவள் கத்தவில்லை. பழக்கத்தில் ஐந்து தாளையும் டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் ஐந்தாவதில் நின்றுவிட்டார்.

"யாருதுக்கா இது? ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க! இந்த ஆள் எந்த நிமிஷமும் விழலாம்."

வெளியே பெஞ்சில் நாலே பேர். அக்கா தையலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அம்மா முடிக்க விடவில்லை.

"இடது கட்டைவிரல்ல நகம் இருந்துச்சா?"

குமிழைப் பிடுங்கிய கை... இல்லை. நகம் இல்லை.

"லாரிக் கதவுல நசுங்கிப் போச்சு" என்றாள் அம்மா. அழவில்லை. பிறகு, "குளிருச்சாம்மா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் வெளியே வந்தார். "மேல வச்சு எடுத்தீங்களா?"

"நான் வைக்கல சார்."

"சிலருக்கு மேல வச்சாத்தான் தெரியும். எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க."

நாலு பேருக்கும் மறுபடி எடுத்தார்கள். 12.10க்குத் தம்பியின் தாள் வந்தது. அச்சு அசல் அதே வளைவு. அன்றைக்கே அட்மிட் செய்து, இதயம் தடுமாறினால் அதிர்வு கொடுத்துச் சரிசெய்கிற கருவியை நெஞ்சில் வைத்தார்கள். இருக்கிறான். மூட்டை தூக்குவதில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு ஊர் சோதனைக்கூடத்திலிருந்து டாக்டருக்கு ஒரு கடிதம் வந்தது. அக்காவுக்கு அதுவரை தெரியாது: அறுத்த அன்றே, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவன் இதயத்தைத் தனியே எடுத்து அங்கே அனுப்பியிருந்தார்கள். அது இல்லாமல்தான் உடம்பு வீட்டுக்குப் போனது.

எடை 340 கிராம். குறை ஏதும் இல்லை. கத்தி வைத்து வெட்டிப் பார்த்த நேரம்: அதே வியாழக்கிழமை, 11.40 முதல் 11.55 வரை.

11.42க்கு வந்த ஐந்தாவது தாளில் பத்து விநாடிக்குப் பதினோரு துடிப்பு இருக்கிறது.