நான் சுமக்க மறுத்த குதிரைவீரர்

வெயிலில் காய்ந்த பிஸ்கட் டின்னுக்கு ஒரு வாடை உண்டு; சூடேறிய தகரமும் பழைய வெண்ணெயும் கலந்த அந்த வாடையை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. மலேசியாவில் கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆறாம் ஆண்டு படித்தபோது, ஏதோ ஒரு படப் புத்தகத்தில் மயங்கிப்போன எங்கள் வாத்தியார், ஜெருசலேமைப் பிடிக்கப் புறப்பட்ட சிலுவைப் போர்க் குதிரைவீரர்களைப் பள்ளி விழாவில் நாடகமாக்கினார். டின்னை வெட்டிச் செய்த கவசம் தோட்டத்துக் கணக்கரான 'கிராணி'யின் மகனுக்குப் போயிற்று. யாருக்கு எந்தக் காட்டில் வேலை என்பதைத் தீர்மானிக்கிறவர் கிராணி என்பதால், ஏனென்று யாரும் கேட்கவில்லை. பால்மரம் சீவுகிறவரின் மகளான எனக்குக் கிடைத்தது குதிரை வேடம்.

பழுப்புச் சேலையைப் போர்த்திக்கொண்டு நான் மண்டியிட்டுக் கையூன்றி நிற்க, அவன் என் முதுகில் ஏறி உட்காருவான். ஒத்திகைதோறும் குதிகாலால் விலாவில் உதைப்பான். வலிக்கிறது என்றால், "குதிரை பேசாது லா," என்று வாத்தியார் சிரிப்பார். விழாவன்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனமெல்லாம் பார்த்திருக்க, அவன் வழக்கத்தைவிட ஓங்கி உதைத்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். மாவீரர் தடதடவென்று தரையில் விழுந்தார். சேலையை உதறிவிட்டு, "நீயே நடந்து போயி சண்ட போடு!" என்றேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் கிராணி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அப்பாவைக் கூப்பிட்டார். "மாணிக்கம், ஒம்மக எம்மவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா நாளையிலேருந்து நீ 'மலைக்காட்டு'க்குப் போ."

மலைக்காடு என்றால் பால் வற்றிய கிழட்டு மரங்கள், வழுக்கும் சரிவு, தோளை அறுக்கும் பால்வாளி. அப்பா அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மலைக்காட்டுக்கே போறேங்க. புள்ள வரமாட்டா," என்றார். தோட்டம் கைமாறும்வரை அங்கேதான் சீவினார், என்னை ஒரு சொல் குறை சொல்லாமல்.

பின்னாளில் சிலுவைப் போர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அந்தக் காலத்து வீரகாவியங்களில் வாளுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. குதிரைக்குப் புல் சுமந்தவனுக்கு இல்லை. அந்தப் போர்களைப் பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் சொல்லமாட்டேன்.

லயம், பள்ளி, கிராணி வீடு எதுவும் இப்போது இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. அப்பாவும் போய்விட்டார். போன மாதம் புக்கிட் செந்தோசாவில் ஒரு கல்யாணத்தில் கிராணியின் மகனைப் பார்த்தேன். "அன்னைக்கே மன்னிப்புக் கேட்டிருந்தா ஒங்கப்பாவுக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது லா," என்றான், ரொம்பப் பரிவாக.

"எங்கப்பா மலைதான் ஏறினாரு. யாரு கால்லயும் விழல," என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.