அறுபத்தோராம் கேள்வி

அவர் வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி முதலில் பார்ப்பது அவருடைய கால்சட்டையின் பின்பக்கத்தைத்தான். பச்சை ஒட்டியிருந்தால், அன்று போன பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளுக்கு முந்தின நாள்தான் வண்ணம் அடித்திருக்கிறார்கள். தோளில் சுண்ணாம்பு இருந்தால் சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். இரண்டும் இருந்தால் அந்தப் பள்ளிக்கு முதல் தரம் கிடைத்துவிட்டது என்று அவளே சொல்லிவிடுவாள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளின் தரத்தை மதிப்பிடுவதுதான் அவருக்கு உத்தியோகம். பதினாறு வருஷமாக அதே வேலை, அதே தோல் பை. பைக்குள் ஒன்பது பக்கப் படிவம், அதில் எண்பத்து நான்கு கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் அவர் சரிக்குறி போடுகிற அழகே தனி. கோடு வெளியே போகாது, மை கசியாது. அலுவலகத்தில் அவருக்குச் சரிக்குறியார் என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல நாக்குக் கூசும். போகிற இடத்தில் ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். தண்ணீர் பாட்டில்கூட வீட்டிலிருந்துதான் போகும். மதிப்பீடு முடிகிறவரை கைப்பேசியை அணைத்து வைத்துவிடுவார். யாருக்கும் தயவு தாட்சண்யம் கிடையாது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டிருந்தால், உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குறி போடுவார். தண்ணீர் வருகிறதா என்று படிவம் கேட்கவில்லை, ஆகவே அவரும் கேட்டதில்லை.

முன்னறிவிப்பில்லாத வருகை என்று அதற்குப் பெயர். அந்த வருகையைப் பத்து நாள் முன்னதாகக் கடிதம் போட்டுத் தெரிவித்துவிடுவார்கள். பத்து நாளில் என்னதான் செய்ய முடியாது? பூந்தொட்டிகள் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குச் சரக்கு வண்டியில் வந்து சேரும். எட்டாம் கேள்வி பதிவேடுகளுக்கு அட்டை போட்டிருக்கிறதா என்பது. எல்லாப் பதிவேட்டுக்கும் பழுப்புத்தாள் அட்டை மினுமினுக்கும், உள்ளே யாரும் திறந்து பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் கேள்வி வருகை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கிறதா என்பது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் இடத்தில் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். பெயர் கூப்பிட்டால் அவர்கள்தான் எழுந்து நிற்பார்கள். இரண்டாம் வகுப்பு மேஜையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளைச் சரிக்குறியார் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, 'மாணவர் உடல் வளர்ச்சி' என்ற இருபத்தேழாம் கேள்விக்கு 'மிக நன்று' என்று குறி போட்டுவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். அவளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு வந்தபோது, மனைவி காசு கட்டிப் படிக்க வைக்கும் பள்ளியைச் சொன்னாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், எதையும் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துத்தான் நம்புவாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நம்ம தெரு முனையில இருக்கிற ஸ்கூலுக்கு முதல் தரம் குடுத்தது யாரு? நான்தானே. நான் போட்ட மார்க்கை நானே நம்பலைன்னா, ஊர்ல எவன் நம்புவான்?"

பிள்ளையை அங்கேயே சேர்த்தார்கள். மதிப்பீட்டாளரின் மகள் என்று தெரிந்தால் தனிச் சலுகை காட்டுவார்கள், அது நியாயமில்லை என்று அவர் அந்தப் பக்கமே போகவில்லை. சேர்ப்பது, கூட்டிக்கொண்டு வருவது எல்லாம் மனைவிதான். அப்பா ஆபீசுக்குப் போகிறார் என்று மட்டும் மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளியை மதிப்பிடக் கூடாது, உறவு இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் பக்கத்து மேஜைக்காரர் அந்தப் பள்ளிக்குப் போவார், அந்த ஆளுக்குச் சரிக்குறி ஒழுங்காகப் போட வராது என்பது இவருடைய கணக்கு.

இரண்டு வருஷம் ஓடியது. மகளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். முத்து முத்தான எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் டீச்சர் போட்ட சிவப்புக் குறி. ஒருநாள் மனைவி அந்த நோட்டில் முதல் வார்த்தையை விரலால் மறைத்துக்கொண்டு, இரண்டாவது வார்த்தையை வாசிக்கச் சொன்னாள். பிள்ளை அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, இவளுக்கு எழுத்துக் கூட்டவே வரலை. பலகையில இருக்கிறதைப் படம் வரையுற மாதிரி பாத்து வரையுறா, அவ்வளவுதான்."

"நோட்டைப் பாத்தியா? நாப்பத்து நாலாம் கேள்வி, நோட்டுப் புத்தக நேர்த்தி. இதுக்கு நானே முழு மார்க் போடுவேன்."

"நோட்டைக் கேக்கலைங்க. பிள்ளையைக் கேக்குறேன்."

அவர் யோசித்தார். யோசித்து, கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார். டாக்டர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியானால் பாடப் புத்தகத்தில் எழுத்துதான் பொடியாக இருக்கிறது என்று சரிக்குறியார் முடிவு கட்டினார். மனைவி அதற்குமேல் அவரிடம் பேசவில்லை. பேசிப் பிரயோஜனம் இல்லை என்று பள்ளிக்கூடத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தாள், அதுவும் அவருக்குத் தெரியாது.

அந்தப் பள்ளிக்கு மறுபடி மதிப்பீடு வந்தது. பட்டியலில் அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. அறுபத்தோராம் கேள்வி இப்படி இருக்கும்: 'வகுப்பில் ஏதேனும் ஒரு மாணவரை அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் செய்யவும்.' எண்பத்து நான்கு கேள்விகளில் பிள்ளை வாய் திறக்க வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான். பதிவேட்டில் மகளுடைய வரிசை எண் பதினான்கு, அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தன் மகள் எழுந்து நின்று, அப்பாவைப் பார்த்துத் திகைத்து, கணீரென்று வாசிக்க வேண்டும். வீட்டில் போய் மனைவியிடம் அதைச் சொல்ல வேண்டும். இந்த ஆசையில் அவர் இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

அன்றைக்குக் காலையில் மகள் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டார். வாசலில் பூந்தொட்டிகள் வரிசையாக நின்றன. தலைமையாசிரியர் கைகூப்பி வரவேற்றார். அறுபதாம் கேள்விவரை சரசரவென்று முடிந்தது. இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தார். முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர் கண் மகளைத் தேடியது. முதல் வரிசையில் இல்லை, கடைசி வரிசையிலும் இல்லை. குனிந்திருக்கிறாளோ என்று இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரிசை எண் பதினாலு."

டீச்சர் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார். பெயர் அவர் மகளுடையதுதான், அவரே ஆசையாக வைத்த பெயர். எழுந்து நின்றது வேறொரு பெண். மேஜைக்கு மேலே இடுப்புவரை தெரியும் உயரம், ரெட்டைச் சடை. புத்தகத்தை விரித்தாள், ஒரு பக்கத்தை ஒரு தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அருமையாக வாசித்தாள். முடித்துவிட்டு உட்கார்ந்தாள், முழங்கால் மேஜையில் இடித்தது.

சரிக்குறியார் பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தலைமையாசிரியர் அதை ரசனை என்று நினைத்துவிட்டார்.

"இவளைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க சார்."

"அப்பா என்ன பண்றாரு?"

தலைமையாசிரியருக்குப் பேச்சு கிடைத்தால் போதும்.

"அந்த ஆளை ஏன் சார் கேக்குறீங்க. ரெண்டு வருஷத்துல ஒரு நாள் இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. அவங்கம்மாதான் பாவம், நடையா நடக்குறாங்க. பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வரலை, ஏதாவது செய்யுங்கன்னு வாரத்துக்கு ஒரு தடவை வந்து..."

அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"எழுத்துக் கூட்ட வரலையா? இப்ப நல்லாத்தானே வாசிச்சா," என்றார் சரிக்குறியார்.

"அதான் சார். அம்மாவுக்குப் புரிய மாட்டேங்குது."

"அந்த அப்பன் நான்தான்."

தலைமையாசிரியர் டீச்சரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகிய மனிதருக்கே உரிய விதத்தில் தேறிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நம்ம பிள்ளையை வீட்டுல விட்டிருக்க மாட்டோமே. வேற யாரையாவது விட்டிருப்போம்."

சரிக்குறியாருக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. இந்த ஆளைத் திட்ட வாயெடுத்தால் முதல் வசவு தன்மேல்தான் விழும் என்று தெரிந்தது. பதினாறு வருஷத்தில் எத்தனை பள்ளி, எத்தனை பதினாலாம் எண். அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்க, அவர்கள் பெயரில் வேறு யாரோ வாசித்ததைக் கேட்டு இவர் தலையாட்டியிருக்கிறார். அறுபத்தோராம் கட்டத்தில் பெருக்கல்குறி போட்டார். பழக்கமில்லாத கை, கோடு கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம், அதில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளை மாற்றி உட்கார வைத்ததையும், தன் உறவையும் அவர் அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அலுவலகம் உறவை மட்டும் படித்தது. உறவை மறைத்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, படிவம் செல்லாது என்று ஆனது. பக்கத்து மேஜைக்காரர் புதிய படிவத்தோடு போனார், முன்னறிவிப்பில்லாமல், பத்து நாள் கழித்து. பள்ளிக்கு முதல் தரம் கிடைத்தது. உடல் வளர்ச்சி மிக நன்று என்று தனியாகக் குறிப்பும் எழுதியிருந்தாராம்.

மதிப்பீடு நடந்த அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி அவர் கால்சட்டையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள்.

"காலையில இருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன். போனை அணைச்சு வச்சுட்டீங்க. இவளை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். லேபுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்."

அவர் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"எங்க லேப்ல ஒரு சொட்டு ரத்தம் போதுங்க, எல்லாம் சொல்லிடலாம். ஆனா அந்தச் சொட்டு நோயாளியோடதா இருக்கணும். நீங்க இத்தனை வருஷமா யாரு ரத்தத்தைப் பாத்துட்டு யாருக்குச் சீட்டு எழுதுனீங்க?"

கூடத்தில் மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து எழுதுவாள், புத்தகத்தைப் பார்ப்பாள், அடுத்த எழுத்து எழுதுவாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இவ்வளவு கிட்டத்தில் இருந்து அவள் எழுதுவதை அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழேயிருந்து மேலே கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஏம்மா ஸ்கூலுக்குப் போகல?"

"ஒரு சார் வந்தாராம்ப்பா. படிக்கத் தெரியாதவங்க இருந்தா ஸ்கூலுக்கு மார்க்கைக் குறைச்சுடுவாராம். அதனால நானும் இன்னும் ஒம்பது பேரும் வர வேண்டாம்னு டீச்சர் சொன்னாங்க. எனக்குப் பதிலா ஒரு அக்கா உக்காருவாங்கன்னும் சொன்னாங்க."

"உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு டீச்சருக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுமேப்பா."

அவர் அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த சார் போயிட்டாராப்பா?"

"போயிட்டாரும்மா. இனிமே வர மாட்டாரு."

மகள் முகம் தெளிந்தது. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப இனிமே படிக்கத் தெரியாமலே தினமும் போலாம்ல?" என்று கேட்டாள்.