தொண்ணூறுக்கு அடுத்தது

மில்லுக்காரம்மா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். நீளமான ஒரு கூடம், அதில் இரண்டு அரவை இயந்திரங்கள். ஒன்று மாவுக்கு, இன்னொன்று மிளகாய்க்கும் மஞ்சளுக்கும். அப்பா விட்டுப்போன தொழில். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் பொழுது சாயும்வரை நின்ற காலில் நிற்பாள். அரைபடும் சத்தத்தைக் கேட்டே தானியத்தில் ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். முப்பது வருஷம் அந்த இரைச்சலில் நின்றதில் குரல் பெரிசாகிவிட்டது. மனுஷர் பேசுவது மட்டும் அவள் காதில் பாதிதான் ஏறும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அவள் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில், மூன்று மாதம் வீட்டில். மற்ற கப்பல்காரர்கள் ஊர் திரும்பும்போது சென்ட் பாட்டிலும் கைக்கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் சொல் கொண்டுவந்தார். அதிலும் பத்து விதமில்லை, ஒரே சொல். நூறுக்கு அந்தந்த ஊரில் என்ன பேர் என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவார்.

அந்தப் பித்து முட்டையில் பிடித்தது. வடக்கே குளிர்காற்று வீசும் ஒரு துறைமுகத்தில், ஒரு கிழவரிடம் நூறு முட்டை வாங்கினார். கப்பலுக்கு வந்து எண்ணினால் நூற்றிருபது. பிறத்தியார் பொருள் நெஞ்சில் குத்துகிற மனுஷன். இருபது முட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டு வழுக்குகிற பனியில் திரும்ப நடந்தார். கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் குடும்பத்தில் முட்டைக்கும் மீனுக்கும் பழைய நூறுதானாம். பழைய நூறு என்றால் ஆறு இருபது. கப்பலின் இன்ஜினியர் படித்தவர். அவர் விளக்கினார்: ஹண்ட்ரட் என்ற சொல்லின் முன்பாதிக்குத்தான் நூறு என்று அர்த்தம், பின்பாதிக்கு எண்ணிக்கை என்று அர்த்தம், எந்த எண்ணிக்கைப்படி நூறு என்று கேட்கவேண்டிய காலம் ஒன்று அந்தப் பக்கத்து நாடுகளில் இருந்தது.

அந்த விடுமுறையில் மில்லில் நின்றுகொண்டு இதைக் கதையாகச் சொன்னார். அவள் மாவைச் சலித்தபடியே கேட்டாள்.

"அப்ப அந்த ஊர்ல நூறு வயசு வாழுன்னு வாழ்த்தினா இருபது வருஷம் இனாமா?"

"விளையாட்டில்ல, கேளு."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அந்தக் கோணிய இப்படித் தள்ளுங்க."

பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு வந்து சேர்ந்தன. ரஷ்யக்காரர்களுக்கு நூறு 'ஸ்தோ'. லத்தீனில் 'கெந்தும்', சென்டிமீட்டர் அதன் பேத்தி. நம் வாயில் புழங்குகிற சதமும் ஸ்தோவும் கெந்துமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பார். பின்லாந்துக்காரர்களின் பாஷை அந்தக் குடும்பமே இல்லை, ஆனாலும் அவர்கள் 'ஸதா' என்கிறார்கள். யாரோ வழிப்போக்கர்களிடம் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இரவல் வாங்கியதாம். துருக்கியில் 'யூஸ்', முகத்துக்கும் அதே சொல்தான். ஒரு காய்கறிக்காரர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார், இவர் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்துவிட்டு வந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் 'மியா'. அரபிக்காரர்கள் விட்டுப்போனது.

"பூனையக் கூப்பிடுறீங்களா?" என்று அதற்கும் ஒரு போடு போட்டாள்.

கப்பலை விட்டு ஒரேயடியாக இறங்கியபோது அவருக்கு ஐம்பத்தெட்டு. கையோடு தலையணை கனத்தில் ஒரு தமிழ் அகராதி வாங்கினார். மறுநாளே மில்லுக்கு ஓடிவந்தார்.

"இங்க பாரு, உலகமெல்லாம் சுத்திட்டு வீட்டுல இருக்கறதப் பாக்காம விட்டுட்டேன். நூறுன்னா பொடின்னு ஒரு அர்த்தம் இருக்கு. மாவுன்னும் இருக்கு. நூறுறதுன்னா இடிச்சுப் பொடியாக்குறது. பழைய தமிழ்ல உன் தொழிலுக்குப் பேரே நூறுறதுதான்."

"அந்த நூறும் இந்த நூறும் ஒண்ணா?"

"அது தெரியல. பேரு மட்டும் ஒண்ணா இருக்கலாம்."

"தெரிஞ்சதும் சொல்லுங்க. இப்ப பெல்ட்டு நழுவுது, பிடிங்க."

பிடித்தார். அப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். கணவனும் மனைவியுமாக மில்லில் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டார்கள், ஒரு நாளைக்கு நாலு சண்டை போட்டார்கள். வாழ்க்கை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு காலை, அவள் ஷட்டரைத் தூக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அவர் வாசலில் வந்து நின்றார். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வலது கை கொடியில் போட்ட சட்டை மாதிரித் தொங்கியது. அவள் இயந்திரத்தை நிறுத்தக்கூட மறந்து ஓடினாள்.

மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்றார் டாக்டர். கால் திரும்பும், கையும் ஓரளவு திரும்பும், பேச்சைப் பற்றி வாக்குக் கொடுக்க முடியாது. மில் பூட்டிக் கிடந்தது. மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு, கைக்குழந்தையோடு அழுதபடி திரும்பினாள். அவருடைய அக்கா, மில்லுக்காரம்மாவுக்கு நாத்தனார், துணைக்கு வந்து சேர்ந்தாள். தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவள்தான். ஆனால் அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

மூன்றாவது வாரம் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. சின்ன அறை, வட்ட மேஜை, ஒரு கண்ணாடி, படம் போட்ட அட்டைகள். பயிற்சி கொடுக்கிறவள் சின்னப் பெண். பொறுமை அவளுக்கு மூட்டை மூட்டையாக இருந்தது. நாற்காலிப் படத்தைக் காட்டினால் "அது… அது…" என்பார், அதற்குமேல் வராது. படத்தைத் தூக்கி எறியலாம் போல முகம் சிவக்கும். ஆனால் பத்துப் பத்தாக எண்ணச் சொன்னபோது நாக்கு தானாக ஓடியது. மனப்பாடமாக வருகிறதுக்கு மூளையில் வேறு பாதை என்றாள் அந்தப் பெண்.

"பத்து, இருபது, முப்பது…" எழுபது, எண்பது, தொண்ணூறு வரை தங்குதடையில்லை. அங்கே வண்டி நின்றது. வாய் கோணியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஸ்தோ" என்றார்.

"பரவாயில்ல ஐயா, நாளைக்குப் பாப்போம்" என்று அந்தப் பெண் ஏதோ எழுதிக்கொண்டாள். மறுநாள் தொண்ணூறுக்கு அடுத்து "யூஸ்" என்றார். அந்த இரண்டு நாளும் மில்லுக்காரம்மா வெளியே மருந்துக்கு வரிசையில் நின்றிருந்தாள்.

மூன்றாம் நாள் நாத்தனாரும் அவளும் உள்ளே சுவரோரமாக உட்கார்ந்தார்கள். எண்பது, தொண்ணூறு. அவர் தடுமாறினார். மூச்சை இழுத்துக்கொண்டு, "மியா" என்றார்.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, என் தம்பி பூனை மாதிரி கத்துறானே! புத்தி பேதலிச்சுப் போச்சே!"

"அப்படியில்லம்மா" என்றாள் பயிற்சிப் பெண் அவசரமாக. "இந்த மாதிரி அடைப்பு வந்த சிலருக்கு அர்த்தமில்லாத சத்தங்கள் வரும். மூணு நாளா இப்படித்தான். ஸ்தோங்கறாரு, யூஸுங்கறாரு…"

அவர் இடது கையால் மேஜையை ஓங்கி அடித்தார். அட்டைகள் சிதறின. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கக் கை தேடினார், வலது கை எழும்பவில்லை.

மில்லுக்காரம்மா எழுந்து வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பூனை என்று நாத்தனார் சொன்னது மட்டும் எங்கேயோ போய் இடித்தது. இதே பேச்சை யாரோ பேசியிருக்கிறார்கள். யார்? நான்தானே!

"என்னங்க, இன்னொரு தடவை எண்ணுங்க."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"எண்ணுங்கன்னு சொல்றேன்ல. பத்து…"

முணுமுணுப்பாகத் தொடங்கினார். தொண்ணூறுக்கு வந்ததும் அவளைப் பார்த்தார். "ஸதா."

"அது பின்லாந்துக்காரங்களோடது" என்றாள் அவள்.

நாத்தனார் தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மாடி, இவர் உளறல" என்று பயிற்சிப் பெண்ணிடம் திரும்பினாள். மில் குரல், நடைபாதைவரை கேட்டிருக்கும். "ஸ்தோன்னா ரஷ்யாவுல நூறு. யூஸ் துருக்கியில. அங்க முகத்துக்கும் அதான் பேரு. மியா ஆப்பிரிக்காவுல. கப்பல்ல போன ஊரெல்லாம் கேட்டுட்டு வந்தவரு. தொண்ணூறுக்கு அப்புறம் நூறுன்னுதான் மூணு நாளா சொல்லிட்டிருக்காரு. நமக்குத்தான் தெரியல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அரவைச் சத்தத்துக்கு நடுவே தான் சொன்னதெல்லாம் மாவோடு மாவாகப் பறந்து போயிற்று என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். சொல்லப்போனால் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எந்தக் காது வழியாக எப்போது உள்ளே போனதோ, எல்லாம் பத்திரமாக இருந்தது.

பயிற்சிப் பெண் தான் எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றாள். பிறகு மில்லுக்காரம்மாவை மேஜைக்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "இவருக்குச் சொல் இருக்கு. எடுக்கப் போனா பக்கத்து டப்பாவுல கை போயிடுது, அவ்வளவுதான். வேற என்னெல்லாம் சொல்லுவாரு, எனக்குச் சொல்லுங்க."

சொல்ல நிறைய இருந்தது. அவர் தமிழ்த் தொண்ணூறைக் கேலி செய்வதை அவள் சொன்னாள்: எண்பது வரைக்கும் எல்லாம் பதுன்னு ஒழுங்கா வீட்டுப்பேர் போட்டுக்கிச்சு, இது மட்டும் பக்கத்துப் பெரிய வீட்டுப் பேரைப் போட்டுக்கிச்சு, நூறு வர்றதுக்கு முன்னாடியே நூறுன்னு சொல்லிக்குது.

அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறை இரண்டாக உடைத்து, முன்பாதியைத் தான் சொல்லிப் பின்பாதியை அவரைச் சொல்ல வைத்தாள். மூன்று நாளில் 'நூறு' தமிழில் வந்துவிட்டது. அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. தண்ணீர் என்பதற்கு இன்னொரு மாதம் ஆயிற்று. நாற்காலி வரவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மேஜையை அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் வேறு பிரச்சினை முளைத்தது. ஒரு மத்தியானம் நாத்தனார் பேச்சை எடுத்தாள்.

"கார் கழுவுற கடைக்கு ஒருத்தன் இடம் தேடுறான். உன் மில்லு கூடம் தோதா இருக்காம். விட்டுட்டு இவன் பக்கத்துல இரு. பொம்பள ஒருத்தி எத்தனையத்தான் தூக்குவ?"

"யோசிக்கறேன் அண்ணி" என்றாள் மில்லுக்காரம்மா. பொய்யில்லை. ஷட்டர் சாவி ஐந்து மாதமாக அலமாரியில் கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் நாலு தெரு தள்ளிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அவரைத் தனியே விட மனசு கேட்கவில்லை. கைகள் மட்டும் வேலையில்லாமல் மரத்துக் கிடந்தன. அதை யாரிடம் சொல்வது?

ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. இரண்டு பெண்களும் பேச்சை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"மில்லு…" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவளோடது."

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன்."

"தெரியும். நானும்… அங்க… போவேன். கூட."

விழுந்து ஐந்து மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பேச்சு வந்ததும் அக்காவ எதுத்துத்தானா வரணும்?" என்றாள். மறுநாள் அவளே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் மில்லுக்கு நடந்தாள்.

இப்போது அவர் வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து தூக்குவாளிகளில் அடையாளச் சீட்டு ஒட்டுகிறார். இடது கையில் கோழி கிறுக்கிய மாதிரி எழுத்து. மிளகாயை மஞ்சள் என்பார், மஞ்சளை எதுவுமே சொல்லாமல் விரலால் காட்டுவார். வாடிக்கைக்காரர்கள் பழகிவிட்டார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை, அதுவும் உண்டு.

ஒரு சனிக்கிழமை பயிற்சிப் பெண் அரைக்கக் கோதுமை கொண்டுவந்தாள். அவர் சீட்டு ஒட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "உங்க பேரு இன்னும் வரலியாம்மா அவருக்கு?"

"வரல."

"கஷ்டமா இருக்கா?"

மில்லுக்காரம்மா கோதுமையைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள். "கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்துல என்னைக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு? இங்க பாருன்னுதான் கூப்பிடுவாரு. அது வந்துடுச்சு." இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டாள். "நீ தள்ளி நில்லு கண்ணு, துணியெல்லாம் மாவாகிடும்."