மூன்றாவது பூப்பொட்டலம்

என் மனைவியின் தம்பி கட்டடங்களில் பூச்சு வேலை செய்பவன். இஸ்ரேலில் அவனுக்கு வேலை கிடைத்தது. போகலாமா என்று கேட்க, கோபிக்குப் பக்கத்தில் உள்ள குலதெய்வக் கோயிலில் பூப் போட்டுப் பார்த்தோம். பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது.

சிவப்பு வந்தது. மாசமாக இருக்கும் அவன் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

“இன்னொருக்கா போடுங்க பூசாரி,” என்றான் மச்சினன். மறுபடியும் சிவப்பு.

“அந்த வேலைய இத்தன நாள் யாரு பாத்தாங்க?” என்று கேட்டேன்.

“பாலஸ்தீனக்காரனுகதானுங்க மாமா. சண்டை வந்ததும் அவனுகள உள்ள உடறதில்லீங்க. அவனுக ஊட்டுல பட்டினி, நமக்கு யோகம்.”

என் மாமியார் சிரித்தார்.

எல்லை தாண்டி இஸ்ரேலுக்குள் வீடு புகுந்து கொன்றவர்களை நான் மன்னிக்கவில்லை. அதற்காக ஒரு சனத்தையே குண்டு போட்டும் பட்டினி போட்டும் கொல்வது அதைவிடப் பெரிய கொடுமை. அந்தப் பட்டினிக்காரனின் பூச்சுக் கரண்டியை நம் ஆள் கையில் எடுப்பது அதற்குத் துணைபோவதுதான். இதை அங்கேயே சொன்னேன்.

“பேங்க்ல ஏசில உக்காந்துட்டு நல்லாச் சொல்றீங்க மாமா. பூசாரி, நீங்க போடுங்க.”

மூன்றாவது பொட்டலத்தில் வெள்ளை.

“சாமி உத்தரவு குடுத்திருச்சு,” என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு தடவ வேண்டாம்னதும் அதே சாமிதானுங்க அத்தை,” என்றாள் அவன் மனைவி.

“வாய மூடு அம்மணி,” என்றான் அவன்.

அவள் பிரசாதப் பொங்கல் வாங்காமல் காரில் போய் உட்கார்ந்தாள். அவள் பங்கையும் அவனே தின்றான்.