இடது பக்கம் மட்டும் மாற்றியவர்

செய்தி வந்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு" என்றார் போனில் எஸ்தர் அக்கா. வாயில் நுரையோடு "எங்க?" என்று கேட்டேன். என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். அக்காவின் புருஷன் ஞானப்பிரகாசம் அண்ணன் போயிருக்கிறார் என்றால் பங்காருப்பேட்டையில் யாரையோ திட்டுவதற்குப் போயிருக்கிறார் என்றுதான் பல வருடப் பழக்கத்தில் அர்த்தம். "தூக்கத்துலயே போயிட்டாரு" என்று அக்கா விளக்கிய பிறகுதான் நுரையைத் துப்பினேன். யாரையும் திட்டாமல் அவர் செய்து முடித்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி "ஐயோ, பாவம்" என்றாள்.

"வருத்தப்படாதே. வயசாச்சு" என்றேன்.

"அவரைச் சொல்லல. மேல பரலோகத்துல கீறவங்களைச் சொன்னேன்" என்றாள்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் முனையில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். 'என்றும் மலர்ந்த முகம், எவரையும் நோகடிக்காத பண்பாளர்.' நின்று பார்த்தேன். படத்தில் இருப்பது மலர்ச்சியல்ல, தும்மல் வருவதற்கு முந்தைய கணம். பண்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரோடு காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்த உங்களுக்கே தெரியும். அந்தப் பண்பு பெட்டிக்குள் ஏறியதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். மரியாதையால் அல்ல, காது வலியால். இறந்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்றால் இந்த அஞ்சலியை இங்கேயே முடித்துவிட்டு நான் பல் தேய்க்கப் போயிருப்பேன்.

யாரையும் அவருக்குப் பிடிக்காது. யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே சான்றிதழ்தான்: "அவனா? சயனைட் மண்ணு. எத்தினி வாட்டி அலசினாலும் பொன்னு வராது." பொன்னெடுத்த பிறகு கொட்டிய சக்கை மண் மலை மலையாக நிற்கிற ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. எனக்கு மட்டும் தனி மரியாதை. என் நகைச்சுவைக் கட்டுரை வந்த மறுநாள், ரயிலில் அந்தப் பேப்பரை மடித்து என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "யோவ் ரைட்டரு, இதைப் படிச்சா சிரிப்பே வரல. எனக்குத்தான் ஒடம்பு சரியில்லையோன்னு டாக்டராண்ட போனேன். ஒடம்பு நல்லாத்தான் கீதுன்னுட்டாரு." பெட்டியே சிரித்தது. என் எழுத்துக்கு யாரும் இதுவரை அப்படிச் சிரித்ததில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் கார் வாங்கிய கதையை நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். முழுக்கதை எனக்குத்தான் தெரியும். எஸ்தர் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. இடது பாதம் மரத்தே இருந்தது. பங்காருப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தவறாமல் கால் பயிற்சி செய்தால் உணர்வு திரும்பும், விட்டுவிட்டால் மரத்தது மரத்ததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில் படியில் அக்காவால் ஏற முடியாது. ஆட்டோவில் உட்கார முடியாது. சாய்ந்து உட்கார்ந்து போக ஒரு கார் வேண்டும்.

அண்ணன் பெங்களூரில் ஒரு புரோக்கரைப் பிடித்தார். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை நம்பினார். "ஒரு டாக்டர் ஓட்டின வண்டி" என்றானாம் புரோக்கர். வண்டியைப் பார்த்ததும் எனக்கு அந்த டாக்டர் கைராசியில்லாதவர் என்பது தெரிந்துவிட்டது.

முதல் பயணத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். முன்னால் இடது பக்கத்தில் இருக்கையைச் சாய்த்து அக்கா. பின்னால் நானும் ஒரு தலையணையும். முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. 'தொம்' என்று ஒரு சத்தம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் கிளாஸோடு எழுந்து நின்றுவிட்டார்கள். பூமிக்குள்ளே பாறை வெடித்து வீடுகள் குலுங்கும் சத்தத்துக்கு எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்று பெயர். மைன்ஸ் மூடிய பிறகும் அந்தக் காதுகள் மூடவில்லை.

"பிளாஸ்ட்டா ஞானம்?" என்று கத்தினார் ஒருவர்.

"ஒங்க மூளைதான் பிளாஸ்ட்டு. உக்காந்து குடிங்கடா!" என்று கத்திவிட்டு அடுத்த பள்ளத்தில் விட்டார்.

பிரேக் போட்டால் கார் மூக்கைத் தரையில் தேய்த்தது. விட்டால் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. பள்ளம் தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் குதித்துக்கொண்டே போனது. அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு வந்தார்.

ராபர்ட்சன்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாஷா பாயிடம் கொண்டுபோனோம். வேலையில் பாதி, வாயில் பாதி சம்பாதிக்கிற மனிதர். காரின் முன்மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். நல்ல வண்டி ஒருமுறை எழும்பி அடங்கிவிடுமாம். எங்கள் வண்டி ஆடிக்கொண்டே இருந்தது.

"சார், இது காரா, தொட்டிலா? தாலாட்டு பாடட்டுமா?"

"பாட்டு வேணாம். இன்னா போச்சுன்னு சொல்லு."

"நாலு ஷாக் அப்சார்பரும் போச்சு சார். முன்னாடி ஸ்பிரிங்கோட சேந்து நிக்குது பாருங்க, ஸ்ட்ரட்டு, அது ரெண்டு. பின்னாடி ஷாக் ரெண்டு. எல்லாம் எண்ணெய கக்கிட்டு வெறும் கொழாயா நிக்குது."

தொகையைச் சொன்னார். காரை வாங்கிய விலையை யாரோ மறுபடி கேட்பதுபோல அண்ணன் பார்த்தார். பிறகு நீங்கள் என்றைக்கும் மறக்கக் கூடாத அந்தத் தீர்ப்பை வழங்கினார்.

"எடது பக்கம் ரெண்டு மட்டும் மாத்து."

"சார், ஜோடியாத்தான் மாத்தணும். முன்னாடின்னா முன்னாடி ரெண்டும். பின்னாடின்னா பின்னாடி ரெண்டும்."

"நான் இன்னா கல்யாணமா பண்ணி வெக்கிறேன், ஜோடி பாக்க? என் வூட்டுக்காரி உக்காருறது எடது பக்கம். வலது பக்கம் நானு. எனக்கு எதுக்குய்யா ஷாக்கு?"

அதோடு நிறுத்தியிருந்தால் கஞ்சத்தனம் என்று விட்டிருப்பேன். அவர் அறிவியலுக்குப் போனார். அவருடைய அப்பா மைன்ஸில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். ஷாஃப்ட் குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இரண்டு, சுற்றுகிற உருளை ஒன்று. ஒரு கேஜ் இறங்கும்போது அதன் பாரமே மற்றதை ஏற்ற உதவும். இதை அண்ணன் எதற்கும் பயன்படுத்துவார். மருமகளுக்கும் மாமியாருக்கும் பஞ்சாயத்து பண்ணக்கூட. "ஒரு கேஜு நல்லா ஓடினா இன்னொரு கேஜை அதுவே இஸ்துக்கும். அதேதான் இது. எடது பக்கம் புதுசா இருந்தா வலது பக்கத்தை அது பாத்துக்கும்" என்றார்.

"அண்ணா, பாய் சொல்றதுல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. உனக்கு ஷாக்குன்னா கரண்ட்டு ஷாக்குதான் தெரியும்."

அது உண்மைதான் என்பதால் சும்மா இருந்தேன். பாஷா பாயும் தோளைக் குலுக்கிவிட்டு, "அப்பறம் என்னாண்ட வந்து பேசக்கூடாது" என்று சொல்லி இடது பக்கத்தை மாற்றினார். வாடிக்கையாளர் கிணற்றில் குதிப்பேன் என்றால் கயிற்றுக்கும் சேர்த்து பில் போடுகிற தொழில் அது.

மறுபடி பயணம். முன்பு மேலும் கீழும் குதித்த வண்டி இப்போது பக்கவாட்டில் ஆடக் கற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இடது பக்கம் விறைப்பாக நின்றது, வலது பக்கம் விழுந்து எழுந்தது. குதிப்பதையாவது முதுகு தாங்கும். முறுக்குவதைத் தாங்குமா? ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டுவதற்குள் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"திருப்புங்க. என்னைக் கொன்னாலும் இனிமே நான் வரல."

"கொஞ்சம் பொறுத்துக்கோ எஸ்தரு..."

"கால் போனா போவட்டும். இந்த வண்டில ஏற மாட்டேன்."

வண்டி திரும்பியது. அதற்குப் பிறகு அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பயிற்சி நின்றுபோனது. மரப்பு பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறிவிட்டது என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. அண்ணன் தெருவில் யாரையும் திட்டாமல் நடந்து போவதைப் பார்த்தவர்கள் அவருக்கும் ஏதோ வியாதி என்று நினைத்தார்கள்.

ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு பெங்களூரில் பழைய உதிரிபாகம் விற்கும் சந்துக்குப் போனார். கடை கடையாக, உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றிய ஷாக்குகள் கரும்புக் கட்டுபோல அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தார். கையில் எண்ணெய் ஒட்டியது. "நல்ல மால் சார்" என்றான் கடைக்காரன். "எங்க வூட்ல கீறதும் இதேதான்யா, நானே உனக்கு விக்கிறேன்" என்று திருப்பி வைத்தார். அவர் இகழ்ந்ததில் நான் ஒத்துப்போன ஒரே பொருள் அந்த ஷாக்தான். அடுத்தவன் தூக்கிப் போட்டதை நாம் வாங்கி மாட்டினால், கொஞ்ச நாளில் நாமும் தூக்கிப் போடுவோம். கழற்றி மாட்டிய கூலிதான் மிச்சம்.

கடைசியில் மறுபடி பாஷா பாய் பட்டறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை. என்னை அனுப்பினார். பாயும் அந்த அளவுக்கு மோசமில்லை. "ஸ்பிரிங் நல்லாத்தான் கீது, அதை மாத்த வேணாம். ஷோரூம் மாலும் வேணாம். எடது பக்கம் போட்ட அதே கம்பெனி புது ஷாக்கை வலது பக்கமும் போட்டா ஜோடி சேந்துரும். எடது பக்கம் இன்னும் ஓடவே இல்லியே. மேல உக்காருற ரப்பரு ரெண்டு பக்கமும் புதுசு போட்டுக்கலாம். அப்பறம் அலைன்மெண்ட் பாக்கணும், இல்லன்னா டயரை தின்னுடும். ஆனா கூலி ரெண்டு வாட்டி கூலிதான், சொல்லிட்டேன்" என்றார். ஒரு பக்கம் மாற்றி மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு அந்த இரண்டாவது கூலியில் போனது. நாலையும் முதலிலேயே மாற்றியிருந்தால் அக்கா அழுதிருக்க வேண்டாம். நான் அந்தச் சந்தில் சட்டையைக் கறையாக்கியிருக்கவும் வேண்டாம்.

தப்பை ஒப்புக்கொண்டாரா என்று கேட்கிறீர்களா? வேலை முடிந்ததும் பாஷா பாயைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு எடது. இன்னிக்கு வலது. ஷிஃப்ட் முறையா செஞ்சேன். உனக்கு இன்னா தெரியும்?"

அக்காவை மறுபடி ஏற்றுவதற்கு என் மனைவி போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏறினார். பள்ளம் வந்தது. சக்கரம் இறங்கியது, ஏறியது. வண்டி அடங்கிவிட்டது. டீக்கடையில் ஒருவரும் எழவில்லை. அக்கா தலைப்பை மடியில் விட்டார். பங்காருப்பேட்டை நெருங்கும்போது நான் ஏதோ பேச வாயெடுத்தேன். "மூடு" என்றார் அண்ணன், ரகசியமாக. அக்கா தூங்கியிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வலியில் படுத்துக்கூடத் தூங்காதவர் வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தாமல் ஓட்டினார். ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார், மறுபடியும் நிறுத்தவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தபோது அவனைத் திட்டக்கூட இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார். இதை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் வற்புறுத்தவில்லை.

அக்காவின் கால் முழுக்கத் திரும்பவில்லை. ஆனால் நடக்கிறார். அடக்கத்தன்று ஒரு கோலை ஊன்றிக்கொண்டு, வந்தவர்களை வாசல்வரை வந்து வரவேற்றார். என்னைப் பார்த்ததும் கூட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டார்.

"வாங்க தம்பி. இவருதான்" என்று எல்லோரிடமும் காட்டினார். "காருல எடது பக்கம் மட்டும் ஷாக் மாத்தச் சொன்ன புண்ணியவான் இவருதான். பாவம், எங்க வூட்டுக்காரரு இவரு பேச்சைக் கேட்டு மாத்திட்டாரு. நான் பட்ட வேதனை கர்த்தருக்குத்தான் தெரியும்."

எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கே உங்கள வூட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு நெனச்சேன் தம்பி. அவருதான், 'விட்டுடு எஸ்தரு, அவனுக்கு அவ்ளோதான் புத்தி, மன்னிச்சிடு'ன்னாரு. அப்பிடியாப்பட்ட மனசு."

அந்த வீட்டில் எனக்குக் கொடுத்த டீயில் பால் ஏன் ஒருநாள் திடீரென்று குறைந்துபோனது என்பது இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் விளங்கியது. சவப்பெட்டியைப் பார்த்தேன். தன் முட்டாள்தனத்தை என் தலையில் கட்டியதோடு நிற்காமல், அதற்காக என்னைப் பெருந்தன்மையோடு மன்னித்தும்விட்ட மனிதர் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. பாஷா பாயும் கூட்டத்தில்தான் நின்றிருந்தார், சாட்சிக்குக் குறைவில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கோலில் சாய்ந்து, ஊரே கேட்கும்படி புருஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடித்த நிறைவோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றி அன்றைக்கு யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

"ஆமாக்கா. என் புத்திதான்" என்றேன்.

பாஷா பாய் இருமிக்கொண்டே வெளியே போனார்.

கார் அக்காவின் தம்பிக்குப் போகிறது. கைக்கடிகாரம், குடை எல்லாம் உறவுக்காரர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய முட்டாள்தனம் மட்டும்தான். அதை வைத்துக்கொள்கிறேன், திருப்பிக் கொடுக்க ஆளுமில்லை. எஸ்தர் அக்கா என் கட்டுரைகளைப் படிக்கிற வழக்கமில்லை, அந்த விஷயத்தில் புருஷனைவிட அவருக்குப் புத்தி அதிகம். படித்துவிட்ட நீங்கள் யாரும் அவரிடம் போய் வாயைத் திறக்காதீர்கள். கேட்டால், இடது பக்கம் மட்டும் மாற்றச் சொன்னது நான்தான்.